முதல் வரிக்கு மேலே

பச்சை எழுத்தில் ஒரு வரி. அந்த வரியின் அடியில் ஓட்டுக்கூரை மாதிரி ஒரு சின்னக் குறி. அதற்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல்: பிழை.

திரையின் முன்னால் டைப்பிஸ்ட் சௌந்தரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால், கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் நகல் பக்கங்களோடு நான். ஜன்னலுக்கு அந்தப்புறம் குரங்கணி மலை இடுப்புக்கு மேலே மேகத்துக்குள் போயிருந்தது. கீழே குடோனில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் வாசனை மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது.

மெஷின் குற்றம் சொன்ன வரியைப் பத்திரிகையோடு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து சரி. புள்ளி, அடைப்புக்குறி, இடைவெளி எல்லாம் சரி. அது புரோகிராமின் முதல் வரி. வாசற்படியிலேயே கால் இடறியிருந்தது.

“இன்னொரு தடவ போட்டுப் பாப்பமா சார்?” என்றார் சௌந்தரம்மா.

போட்டோம். மெஷின் ஃப்ளாப்பியை உறுமி உறுமிப் படித்தது. அதே வரி. அதே கூரை. அதே சொல்.

அவர் விரல்களை மடியில் வைத்துக்கொண்டார். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இந்தக் கூரை மறையாவிட்டால் மெஷின் பம்பாய்க்குப் போய்விடும். சௌந்தரம்மா வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஈர மிளகு பஞ்சாயத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, நண்பர் ஒருவர் என் தொடரில் மனிதர்களைவிட மூட்டைகள்தான் அதிகம் வருகின்றன என்றார். நியாயம்தான். போடியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன வரும்? இந்த வாரம் மூட்டைகளைக் கீழேயே விட்டுவிட்டு மாடிக்கு வருகிறேன்.

தலைகீழ்ச் சீர்

நான் மேனேஜராக இருந்த கம்பெனிக்கு மலைச்சரிவில் ஏலக்காய்த் தோட்டங்கள் இருந்தன. மற்றவர்களின் சரக்கையும் சேர்த்து வாரா வாரம் ஏலம் விடுவதும் எங்கள் சோலிதான். நான் இயற்பியல் படித்தேன், அதற்குமேல் சட்டம் படித்தேன், இரண்டையும் பிழைப்புக்குப் பயன்படுத்தவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் முறை. ஒரு காகிதம் இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போக யார் யார் கையெழுத்து வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில் கேட்கும் அளவுக்கு யாருக்கும் அதில் ஆர்வம் இருந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில், பம்பாயில் வேலையாக இருந்த முதலாளியின் மாப்பிள்ளை, மாமனாருக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பக்கம் மாமனார்தான் மாப்பிள்ளைக்குச் சீர் செய்வது வழக்கம். இது தலைகீழ்ச் சீர். முதலாளி அதை உடுத்தவும் முடியாமல் விரலில் போடவும் முடியாமல் சிறிது நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடியில் ஒரு அறையைக் கழுவிவிட்டு அங்கே வைக்கச் சொன்னார்.

கூடவே சில ஃப்ளாப்பிகள் வந்தன. கறுப்பாக, சதுரமாக, விசிறி மட்டை மாதிரி வளையும் தகடுகள். அதில் ஒன்றை மாப்பிள்ளை தனியாக எடுத்துக் காட்டி, இதுதான் முக்கியம், எழுத்து வேலை எல்லாம் இதில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அங்கேதான் வினை. எங்கள் கணக்குப்பிள்ளை பொன்னையா தேவாரத்துக்காரர். எனக்கு முன்பிருந்தே கம்பெனியில் இருப்பவர். எது முக்கியம் என்று தெரிந்துவிட்டால் அதைப் பத்திரப்படுத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது.

மலையில் மழைக்காலம் வந்தால் எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். பெல்ட், செருப்பு, கல்யாண போட்டோ, பள்ளிக்கூட சர்டிபிகேட் எதுவும் தப்பாது. தப்பிக்கும் ஒரே இடம் தோட்டத்து ஸ்டோர். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடம். வெளியே விறகை எரித்து, உள்ளே இரும்புக் குழாய்களில் அனலை ஓடவிடுவார்கள். தோட்டத்து ஜனங்கள் பட்டா, பத்திரம், பட்டுச்சேலை எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டு அங்கேதான் வைப்பார்கள். பொன்னையாவும் அந்த முக்கியமான ஃப்ளாப்பியை ஜீப்பில் மேலே அனுப்பி, குழாய்க்கு மேல் தட்டில், தன் மகளின் ஜாதகத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தபோது அது எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நான்கு மூலையும் மடங்கியிருந்தது.

“பூஞ்சை ஒரு பொட்டு இல்ல பாருங்க மேனேஜரு” என்றார் பொன்னையா. அது உண்மை.

மெழுகுத் தாள்

அந்த ஃப்ளாப்பி கெட்டதில் வேறு யாருக்கு நஷ்டமோ இல்லையோ, சௌந்தரம்மாவுக்கு நஷ்டம். ஏன் என்று சொல்ல, ஸ்டென்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏலத்துக்கு முந்தின நாள் பட்டியல் அடித்து வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டும். யார் சரக்கு, எந்த ரகம், என்ன எடை. ஸ்டென்சில் என்பது மெழுகு பூசிய தாள். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு, எழுத்தால் மெழுகை வெட்ட வேண்டும். வெட்டிய தாளை உருளையில் மாட்டி மை தடவிச் சுற்றினால் பிரதிகள் விழும். தொட்டால் எழுத்து வராது. குத்த வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பது மாதிரி அடிக்க வேண்டும்.

தப்பு வந்தால், நகப்பூச்சு மாதிரி ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன் மேல் மறுபடி குத்தலாம். ஓர் எழுத்து என்றால் சரி. ஒரு தோட்டக்காரர் கடைசி நேரத்தில் சரக்கை ஏலத்திலிருந்து எடுத்துக்கொண்டால், அந்த வரியை நீக்க வழியில்லை. மொத்தத் தாளையும் புதிதாக வெட்ட வேண்டும். தோட்டக்காரர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் ஞானம் பிறக்கும்.

சௌந்தரம்மா ராசிங்காபுரத்திலிருந்து காலை பஸ்சில் வருவார். கணவர் ஜீப் ஓட்டியவர். மலைப்பாதையில் ஒரு மழை நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். நாற்பது வயதுக்குள்ளேயே அவருடைய விரல் கணுக்கள் இஞ்சி மாதிரி வீங்கத் தொடங்கியிருந்தன. ஸ்டென்சிலில் அவர் குத்திய எழுத்துகள் வரவர மங்கின. எடை சரியாகத் தெரியவில்லை என்று வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். தேனியில் டைப்பிங் முடித்த, விரலில் பலமுள்ள ஒரு பெண்ணைப் பார்க்கலாம் என்று பொன்னையா முதலாளியின் காதில் போட்டு வைத்திருந்தார்.

எத்தனை அவசரமானாலும் ஒரு வேலையை அவர் விட்டதில்லை. தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் எதையும் ஆரம்பிக்க மாட்டார். ஆங்கில டைப்ரைட்டரில் அதற்கு விசை கிடையாது. சின்ன ‘யு’ எழுத்தை அடித்து, பக்கத்தில் ஒரு அடிக்கோடு இழுப்பார். பார்க்க ஏறக்குறைய ‘உ’ மாதிரி இருக்கும். போடி வியாபாரிகளுக்கு அது போதும். அது இல்லாத பட்டியலைத்தான் அவர்கள் சந்தேகப்படுவார்கள்.

கம்ப்யூட்டர் வந்த அன்று அவர் விசைகளைத் தொட்டுப் பார்த்தார். “பூவத் தொடற மாதிரி இருக்கு சார்” என்றார். அன்றிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு கண்.

முதலாளி ஒரு நாள் மாடிக்கு வந்தார். நின்றபடியே சொன்னார்: “ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கையில இது பட்டியல் அடிச்சிருக்கணும். இல்லேன்னா மாப்ளைய வந்து தூக்கிட்டுப் போகச் சொல்றேன். சௌந்தரத்துக்கும் அப்பவே ஒரு முடிவச் சொல்லிருவோம்.” சௌந்தரம்மா அறையில்தான் இருந்தார். முதலாளிகள் மேசை நாற்காலிக்கு முன்னால் பேசத் தயங்குவதில்லை.

மீசைகள்

மாப்பிள்ளைக்குத் தகவல் போனது. அந்தப் புரோகிராம் மறுபடி கிடைக்க நாளாகும் என்றார். ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு எடிட்டரின் முழு சோர்ஸும் அச்சாகியிருக்கிறது, அதை அனுப்புகிறேன், அடித்துக் கம்பைல் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்.

எடிட்டர் என்றால் எழுத்தைத் திரையில் எழுத, திருத்த, நகர்த்த உதவும் புரோகிராம். சோர்ஸ் என்றால் அதன் மூலம்; மனிதர்கள் எழுதிய வடிவம். ஜீப் கேட்டவனுக்கு, ஜீப் எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்புவது மாதிரி. ஆனால் இதில் ஒரு வித்தியாசம். எழுதியதை அப்படியே அடித்து, கம்பைலர் என்கிற இன்னொரு புரோகிராமிடம் கொடுத்தால், அந்த எழுத்தே ஜீப்பாகிவிடும். கம்பைலர் இருந்த ஃப்ளாப்பி எங்களிடம் பத்திரமாக இருந்தது. முக்கியமில்லை என்று பொன்னையா அதை மேசையிலேயே விட்டிருந்தார்.

மெஷினோடு ஒரு பழைய எடிட்டரும் இருந்தது. அது ஒரு சமயத்தில் ஒரு வரியைத்தான் பார்க்கும். வரியை அடித்து முடித்தால் முடிந்தது. மேலே போக முடியாது. தப்பென்றால் அந்த வரியின் எண்ணைச் சொல்லி முழுதாகத் திரும்ப அடிக்க வேண்டும். ஸ்டென்சிலுக்குத் தங்கை. அதை வைத்துத்தான் அதைவிட நல்லதைச் செய்ய வேண்டியிருந்தது.

ஆவணி முழுக்க சௌந்தரம்மா அடித்தார். ஸ்டென்சில் வேலை போக மிச்ச நேரத்தில், தமிழும் அல்லாத இங்கிலீஷும் அல்லாத ஒரு பாஷையைப் பக்கம் பக்கமாக அடித்தார். அர்த்தம் அவருக்குத் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும்; தெரியாத பாதியை முகத்தில் காட்டாமல் இருக்க எனக்குப் பயிற்சி உண்டு. அந்தப் பாஷையில் நெளிந்த அடைப்புக்குறிகள் நிறைய வரும். அவற்றுக்கு அவர் மீசை என்று பெயர் வைத்திருந்தார். “மீசயத் தொறந்தா மூடணும்ல சார்? இங்க ஒண்ணு தொறந்தே கெடக்கே” என்று பத்திரிகையைக் காட்டிக் கேட்பார். தேடிப் பார்த்தால் அடுத்த பக்கத்தின் அடியில் அது மூடியிருக்கும்.

சில நாள் விரல்களை வெந்நீர் டம்ளரில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைக் கண்ணாலேயே படித்துவைத்துக்கொள்வார். அப்படி முடித்த புரோகிராம்தான் வாசற்படியில் இடறி நின்றது.

கைராசி

என் முறைப்படி, பெரிய பிழையைப் பிடிக்கச் சின்னதாகத் தொடங்க வேண்டும். கம்பைலரின் புத்தகத்தில் முதல் பாடமாக ஒரு குட்டிப் புரோகிராம் இருந்தது. திரையில் வணக்கம் சொல்லும், அவ்வளவுதான். அதை நானே உட்கார்ந்து அடித்தேன். கம்பைல் ஆனது. வணக்கம் சொன்னது. கம்பைலருக்கு ஒன்றும் இல்லை.

பிறகு சௌந்தரம்மாவை அதையே அடிக்கச் சொன்னேன். நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடித்து முடித்துக் கம்பைல் கொடுத்தார்.

கூரை. பிழை.

வரியைப் பார்த்தேன். சரி. எல்லா வரியையும் பார்த்தேன். எல்லாம் சரி. மறுபடி நான் அடித்தேன், வணக்கம் சொன்னது. மறுபடி அவர் அடித்தார், பிழை. இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். ஒரே மெஷின், ஒரே மின்சாரம், ஒரே எழுத்து. என் கைக்குக் கட்டுப்படுகிறது, அவர் கைக்கு மறுக்கிறது.

இயற்பியல் படித்தவனுக்கு இது நல்ல காட்சியில்லை.

பொன்னையா இதற்குள் மேலே வந்து கதவோரம் நின்றிருந்தார். மலையில் சீசனின் முதல் கூடையை யார் பறிப்பது, ஸ்டோரில் முதல் விறகை யார் வைப்பது, முதல் மூட்டையை யார் தராசில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. கைராசி உள்ளவர்களுக்கு அந்த நாளில் வீடு தேடி ஜீப் போகும். கைராசி இல்லாதவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி நிற்கும்படி இடத்தை அமைத்துவிடுவார்கள். இதையெல்லாம் நான் வருஷக்கணக்காகக் கேலி செய்துவந்தவன். இப்போது என் மேசை மேலேயே அதற்கு அச்சடித்த சாட்சி கிடந்தது.

“நான் ஒண்ணும் சொல்லல மேனேஜரு” என்றார் பொன்னையா. “மெஷினுக்கு ஆளு தெரியுது. ஒரு கைக்கு விளங்குறது இன்னொரு கைக்கு விளங்காது. அதுவும்…”

அவர் முடிக்காமல் விட்ட சொல் அறையில் எல்லாருக்கும் தெரியும். சௌந்தரம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“வீட்டுல அடுப்பு என் கைக்குப் பத்துதுண்ணே. இது மட்டும் ஏன் பத்தாது?”

பொன்னையா இறங்கிப் போனார். சாயங்காலத்துக்குள் முதலாளிக்குச் செய்தி போயிருக்கும். அந்த அப்பள விஷயத்துக்குப் பிறகு, மெஷின் இந்தக் கட்டடத்தில் இருக்கும்வரை அவருக்கு நிம்மதி கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

அது எழுத்து இல்லையே

விசாரணைக்கு ஒரு விதி உண்டு. நடந்தது என்ன என்று கேட்காதே, மறுபடி நடத்திக் காட்டச் சொல். மறுநாள் காலை எதிர்ப்பக்கம் உட்காராமல், சௌந்தரம்மாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். நான் எதுவும் பேச மாட்டேன், வழக்கம்போல் செய்யுங்கள் என்று சொன்னேன்.

அவர் சேலைத் தலைப்பால் விசைகளைத் துடைத்தார். பழைய எடிட்டரைத் திறந்தார். கண்ணை ஒரு கணம் மூடினார். பிறகு சின்ன ‘யு’வை அடித்தார். பக்கத்தில் ஒரு அடிக்கோடு. அடுத்த வரிக்குப் போனார். புத்தகத்தைப் பார்த்து முதல் வரியை அடிக்கத் தொடங்கினார்.

“நிறுத்துங்க” என்றேன்.

கை அப்படியே நின்றது.

“மேலே என்ன அடிச்சீங்க?”

“எங்க சார்?”

“முதல் வரிக்கு மேலே.”

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உண்மையாகவே புரியாமல் கேட்டார்:

“அதுவா? அது எழுத்து இல்லையே சார். அது பிள்ளையாரு.”

முந்தின நாள் அச்செடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். தலையில் இருந்தது. பெரிய புரோகிராமின் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் இருந்தது. வாரக்கணக்கில் அந்தத் தாள்களைப் பார்த்திருக்கிறேன். பொன்னையாவும் பார்த்திருக்கிறார். எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. கல்லூரியில் நாத்திகம் பேசி, பிள்ளையார் சுழி போடுவதை அன்றோடு விட்டவன் நான். என் கை அதை எழுதவில்லை. என் கண் மட்டும் அதைத் தாளின் தலையில் இருக்க வேண்டிய ஒன்றாக இன்னமும் ஏற்றுக்கொண்டிருந்தது.

கம்பைலருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது வந்து சேர்ந்த நாட்டில் பிள்ளையார் இல்லை. ‘யு’வையும் கோட்டையும் ஏதோ ஒரு சொல் என்று எடுத்துக்கொண்டு, சரி, மேலே சொல் என்று அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. அங்கே வந்தது முன்னதோடு ஒட்டவில்லை. ஒட்டாத இடத்தில் கூரையைப் போட்டுவிட்டது. இடறிய கல் ஒரு வரி முன்னால் கிடந்தது.

சொன்னேன். சௌந்தரம்மாவின் முகம் தெளியவில்லை. இன்னும் இருண்டது.

“அப்ப அத எடுத்துரணுமா சார்?”

“எடுத்தாத்தான் ஓடும்.”

“எடுத்துட்டா எங்கேயிருந்து சார் ஆரம்பிக்கிறது? எனக்குக் கை வராது” என்றார். பிடிவாதம் இல்லை, மாடிப்படியில் முதல் படியை உருவிவிட்டால் ஏற முடியாது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அவருடைய வேலையே இதில் தொங்குகிறது என்று நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. என்னைவிட அவருக்கு அது தெரியும்.

கம்பைலரின் புத்தகத்தைப் புரட்டினேன். நான் சாதாரணமாகத் தாண்டிப் போகும் ஒரு பக்கத்தில் அது இருந்தது. ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் போட்டுத் தொடங்கி, நட்சத்திரமும் சாய்கோடும் போட்டு முடித்தால், இடையில் இருப்பது எதுவாக இருந்தாலும் கம்பைலர் படிக்காது. அது எழுதுகிறவர்களுக்கும் பின்னால் வந்து படிக்கிறவர்களுக்கும் மட்டும்.

அதை அவருக்கு இரண்டு தடவை படித்துக்காட்டினேன். யாரோ, எங்கேயோ, இத்தனை கறாரான ஒரு பாஷையைச் செய்தவர்கள், மெஷின் எட்டிப் பார்க்கக்கூடாத ஒரு இடத்தை மனிதர்களுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். என் அலுவலக வாழ்க்கையில் நான் பார்த்த எந்த விதிப்புத்தகத்திலும் அப்படி ஒரு இடம் இல்லை.

“சாமிக்கு ஒரு மறைவு வச்சிருக்காங்க” என்றார் சௌந்தரம்மா. சாய்கோடு, நட்சத்திரம், பிள்ளையார், நட்சத்திரம், சாய்கோடு. கம்பைல் கொடுத்தார்.

வணக்கம் சொன்னது. அவருடைய கைக்கு.

கொட்டிய மூட்டை

பெரிய புரோகிராமின் பகுதிகளுக்கெல்லாம் அதே வைத்தியம். கம்பைலர் வாசற்படியைத் தாண்டி உள்ளே போயிற்று. நடுவில் நின்றது. அங்கே ஒரு மீசை மூடாமல் இருந்தது. பிழை என்ற சொல்லைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். அடுத்து விட்டுப்போன ஒரு அரைப்புள்ளி. அடுத்து, டைப்ரைட்டர் பழக்கத்தில் ஒன்று என்ற எண்ணுக்குப் பதிலாகச் சின்ன ‘எல்’ எழுத்தை அடித்த இடம். ஒவ்வொன்றாகத் திருத்த, அது இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே போயிற்று. ஃப்ளாப்பியை மாற்றச் சொல்லும். மாற்றுவோம். சிவப்பு விளக்கு எரியும். மெஷின் நெல் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும்.

ஒரு மத்தியானம் அது ஒன்றுமே சொல்லாமல் நின்றது. குற்றம் சொல்ல எதுவும் இல்லை என்றால் அது பேசாது. பகுதிகளை ஒன்றாகச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். முடிந்ததும் ஃப்ளாப்பியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால், அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு பெயர் அங்கே இருந்தது: எங்கள் எடிட்டர்.

ஓட்டினோம். திரை முழுக்க எழுத்துகள் சிதறின. பிரிந்த மூட்டையிலிருந்து ஏலக்காய் தரையில் ஓடுகிற மாதிரி மூலைக்கு மூலை ஓடின. சௌந்தரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார்.

பயப்பட ஒன்றுமில்லை. பத்திரிகைக்காரர்களின் திரை வேறு, எங்கள் திரை வேறு. கர்சரை, அதாவது எழுத்து விழும் இடத்தைக் காட்டும் அந்தக் கண்சிமிட்டும் கட்டத்தை, இங்கே போ என்று சொல்ல ஒவ்வொரு திரைக்கும் தனித்தனிச் சங்கேதம் உண்டு. அதை மாற்ற வேண்டிய இடத்தைச் சோர்ஸிலேயே ஒரு பக்கமாக ஒதுக்கி, இங்கே உங்கள் திரைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்று சாய்கோடும் நட்சத்திரமும் போட்ட அந்த மறைவில் எழுதியிருந்தார்கள். முகம் தெரியாத ஒருவர் போடியில் ஒரு மாடி அறையை எதிர்பார்த்து எழுதிவைத்த மாதிரி இருந்தது. எங்கள் மெஷினின் கையேட்டில் சங்கேதங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அடித்தார். மறுபடி அரைத்தது. மறுபடி ஓட்டினோம்.

திரை சுத்தமாகத் துடைக்கப்பட்டது. இடது மூலையில் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. மழை விட்ட மறுநாள் காலையில் போடியிலிருந்து பார்த்தால் மலை ஒரு மடிப்பு விடாமல் தெரியுமே, அந்த மாதிரி ஒரு சுத்தம்.

“என்னத்த தொறக்க சார்?” என்றார்.

நான் அந்த எடிட்டரின் சோர்ஸையே திறக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வேறு எதுவும் அந்த நேரத்துக்கு ஈடாகத் தோன்றவில்லை.

அவர் ஆவணி முழுக்க அடித்தது அப்படியே எழுந்து வந்தது. ஒரு வரி ஒரு வரியாக இல்லை, பக்கமாக. எந்த எழுத்துகளை அர்த்தம் தெரியாமல் அடித்தாரோ, அந்த எழுத்துகளே இப்போது கருவியாகி, தங்களையே தூக்கித் திரையில் காட்டிக்கொண்டிருந்தன. ஓர் இடத்தில் வரி கோணலாக இருந்தது. அவர் கர்சரைக் கொண்டுபோய் நேராக்கினார். எடிட்டர் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரிகள் முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

“மேல போலாமா சார்?”

“போலாம்.”

மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட விசையைத் தொட்டார். கர்சர் ஒரு வரி ஏறியது. இன்னொரு தடவை தொட்டார். பல வருஷமாக, அடித்தது அடித்ததுதான் என்று மெழுகில் குத்திப் பழகிய விரல் அது. தொட்டுத் தொட்டு, பக்கம் பக்கமாக மேலே போனார். முதல் வரிக்கு வந்தார். அதற்கும் மேலே, நட்சத்திரங்களுக்கு நடுவில் அவருடைய பிள்ளையார் இருந்தார். அங்கே நிறுத்தினார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

ஒரு படி மேலே

அந்த வார ஏலப் பட்டியலை அதில் அடித்தார். முடிக்கும் நேரத்தில் பொன்னையா மாடியேறி வந்தார். ராசிங்காபுரத்துத் தோட்டக்காரர் ஒருவர் தன் சரக்கை எடுத்துக்கொள்வதாக போன் செய்திருக்கிறார். வழக்கமாக இந்தச் செய்தியை அவர் கதவுக்கு வெளியே நின்றுதான் சொல்வார். உள்ளேயிருந்து சௌந்தரம்மா வீசும் பார்வைக்குப் பயந்து.

சௌந்தரம்மா கர்சரை மேலே கொண்டுபோனார். அந்த வரி மறைந்தது. கீழே இருந்த வரிகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறி, எதுவும் நடக்காத மாதிரி நின்றன.

பொன்னையா உள்ளே வந்தார். “அந்த ஆளத் திரும்பக் கொண்டாங்க பாப்போம்” என்றார். சௌந்தரம்மா கொண்டுவந்தார். வரிகள் விலகி இடம் கொடுத்தன. “எடுங்க.” எடுத்தார். “கொண்டாங்க.” சின்னப் பிள்ளை விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ராசிங்காபுரத்துக்காரர் அன்று ஏலத்துக்குள் வருவதும் போவதுமாக இருந்தார்.

பிரின்டரின் ரிப்பனைக் கழற்றிவிட்டு ஸ்டென்சில் தாளைக் கொடுத்தோம். பிரின்டர் ஊசிகள் மெழுகைக் குத்தின. உருளையில் சுற்றிய பிரதிகளில் எடைகள் கருகருவென்று விழுந்தன. கீழே முதலாளி ஒரு பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையில் சுழி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இருந்தது.

“சரி, தேனிக்காரப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிரு” என்றார் பொன்னையாவிடம்.

ஆயுத பூஜை அன்று தராசு, இரும்புப் பெட்டி, உருளை மெஷின் எல்லாவற்றுக்கும் வழக்கம்போல் பொன்னையாதான் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். வழக்கம்போல் சௌந்தரம்மா நிலைப்படிக்கு வெளியே நின்றார். கம்ப்யூட்டர் முன்னால் வந்ததும் பொன்னையா நின்றார். தட்டைத் திருப்பி நிலைப்படிப் பக்கம் நீட்டினார்.

“ஏற்கனவே ஒண்ணச் சுருட்டிட்டேன். இதுல எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியாது. நீங்க வந்து வைங்க ஆத்தா.”

சாம்பிராணிப் புகை இல்லாத பக்கமாக முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சௌந்தரம்மா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த எந்த முறையிலும் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை. நான் வழிவிட்டு ஒதுங்கினேன்.

அவர் உள்ளே வந்து, வீங்கிய மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டார். திரையில் வைக்கவில்லை, பெட்டியிலும் வைக்கவில்லை. மேல்நோக்கிய அம்புக்குறி விசையில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டார்.

சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, அந்த விசை ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் என் மேசை டிராயரிலேயே இருந்தன. கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டுவைத்தேன். ஒரு தடவை தொட்டால் போதும். கர்சர் நிற்காமல் வரி வரியாக ஏறி, முதல் வரியையும் தாண்டிப் போய், சுழியின் பக்கத்தில்தான் நிற்கும்.